சுந்தர்சிங் மொட்டையான சனிக்கிழமை

என் தம்பி சுந்தர்சிங்குக்கு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை. ஏசி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். மெஷின் நின்றுபோனால் அவனைத் தேடி ஆள் ஓடும். மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் அவன் ஒருத்தன் இருப்பதே யாருக்கும் ஞாபகம் இருக்காது. இருபத்துநாலு வயது. குடி கிடையாது, சண்டை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பின்வரிசையில் உட்கார்ந்து பிரசங்கத்தின்போது கொஞ்சம் தூங்குவான். உன்னைப் பற்றி எழுதப்போகிறேன் என்றபோது, "என்னைப் பத்தி எழுத இன்னா கீதுக்கா?" என்று கேட்டான்.

இருக்கிறது. அவன் ஒரு காலத்தில் ரவுடி. ஒரே ஒரு சனிக்கிழமை சாயங்காலம்தான் ரவுடி. ஆனால் முழு ரவுடி, போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும்.

எங்கள் ஊர் சித்தூரிலிருந்து திருப்பதி போகிற ரோட்டில், மேம்பாலத்துக்குக் கீழே இறங்கினால் வரும். வீட்டுக்குள் தமிழ், ஆபீசில் தெலுங்கு, சண்டையில் இரண்டும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் காலனி. நிலமில்லாத குடும்பங்களுக்கு மிஷன் காலத்தில் கிடைத்த மனைகள். பாதிப் பேர் எங்களைப்போல் சபைக்காரர்கள், பாதிப் பேர் இந்துக்கள். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே பந்தல்காரர்தான். காலனிக்கு எதிரே பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு லேஅவுட் வந்தது. வாசலில் வளைவு, வளைவுக்குக் கீழே வாட்ச்மேன், உள்ளே மாடி வீடுகள். அங்கே காருக்குப் போர்த்தியிருக்கும் துணி எங்கள் வீட்டுப் பெட்ஷீட்டைவிட நல்ல துணி. இதை நான் பொறாமையில் சொல்லவில்லை என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை, அதனால் பொறாமையில்தான் சொல்கிறேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு கிரவுண்டு. முள்செடியைப் பிடுங்கி, கல் பொறுக்கி, மண்ணைத் தட்டி அதைக் கிரவுண்டாக ஆக்கியது எங்கள் காலனிப் பையன்கள். அது யாருக்குச் சொந்தம் என்று தாசில்தாருக்கே தெரியாது.

எங்கள் பக்கம் பையன்களின் கும்பலுக்கு 'பேட்ச்' என்று பேர். காலனி பேட்ச், லேஅவுட் பேட்ச். காலனி பேட்சுக்குத் தலைவன் என் தம்பி. அவனுக்கு வலதுகை, பக்கத்துத் தெரு முனிகிருஷ்ணன். தொட்டிலில் இருக்கும்போதே இரண்டு பேரும் ஒருவனை ஒருவன் கடித்துக்கொண்டவர்கள். லேஅவுட் பேட்சுக்குத் தலைவன் கிரண்குமார், ரோடு காண்ட்ராக்டர் மகன், இந்த வட்டாரத்திலேயே குண்டும் குழியுமான ரோடுகளைப் போட்டவரின் மகன்.

இந்த இரண்டு பேட்சுக்கும் பெரிய வித்தியாசம் தலைமுடி.

லேஅவுட் பையன்களிடம் பைக் இருந்தது, போன் இருந்தது, ஒரிஜினல் ஷூ இருந்தது. முடி மட்டும் இல்லை. அவர்கள் படித்த கார்ப்பொரேட் காலேஜில் காது தெரிய ஒட்ட வெட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். எங்கள் பையன்கள் படித்தது அரசாங்க ஜூனியர் காலேஜ். அங்கே பையன் காலேஜுக்கு வருவதே பெரிய விஷயம், தலையை யார் பார்க்கிறார்கள்? அதனால் காலனி பேட்சில் எல்லோருக்கும் முடி நெற்றியை மறைத்துக் கண்ணில் விழும். பக்கவாட்டில் மட்டும் ட்ரிம்மர் போட்டு, முன்பக்கம் கொஞ்சம் பழுப்பு நிறம் ஏற்றி வைத்திருந்தார்கள். என் தம்பியின் முடி அதிலும் விசேஷம், தலையை ஒருதரம் சிலுப்பினால் போதும், கலைந்ததெல்லாம் தானாக வந்து உட்காரும். அதனால்தான் அவன் தலைவன். கிரண்குமார் தன் பைக் கண்ணாடியில் என் தம்பியின் முடியைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். பணக்காரன் ஏழையைப் பார்த்து ஏங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். பார்க்கச் சுகமாகத்தான் இருந்தது.

இன்டர் பரீட்சை, அதாவது பிளஸ் டூ, முடிந்த கையோடு லேஅவுட் அசோசியேஷன்காரர்கள் கிரவுண்டில் ஒரு பேட்மின்டன் நெட் கட்டினார்கள். மறுநாள் காலை நெட்டில் எங்கள் காலனி ஆடு ஒன்று சிக்கியிருந்தது. ஆட்டை விடுவிக்க நெட்டை அறுத்தார்கள். அறுத்தது யார் என்பதில் தொடங்கி, பிறந்தது எப்படி என்பது வரைக்கும் பேச்சு போயிற்று. கடைசியில் இரண்டு தலைவர்களும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நாகரிகமாகப் பேசி முடிவு செய்தார்கள். ரிசல்ட் வந்த பிறகு வருகிற சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. கல், கட்டை, பெல்ட் கூடாது. அம்மாவை இழுத்துத் திட்டக்கூடாது. தோற்கிற பேட்ச் கிரவுண்டில் கால் வைக்கக்கூடாது. இவ்வளவு நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் எதற்கு அடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்டேன். "அது வேற, இது வேறக்கா" என்றான் தம்பி.

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இருந்தது. வேலூர்ப் பக்கம் மிஷன் நடத்துகிற பாலிடெக்னிக்கில் எங்கள் சபைக்கு வருஷத்துக்கு ஒரு சீட் உண்டு. படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பாஸ்டர் ஒரு வார்த்தை பேசினால் சீட் கிடைக்கும், பேசாவிட்டால் கிடைக்காது. அந்த வருஷம் சுந்தருக்காகப் பேசுவதாகச் சொல்லியிருந்தார். "திங்கக்கெழமை போன் பண்றேன். அதுவரைக்கும் வம்பு தும்பு இல்லாம இரு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்தத் திங்கட்கிழமை, இந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் கழித்து வருகிற திங்கட்கிழமை.

"சீட் போச்சுன்னா இன்னாடா பண்ணுவ?" என்றேன்.

"ஸ்ரீ சிட்டி பஸ்சு ஏறணும். பேக்கிங் செக்‌ஷன்ல டப்பா ஒட்டணும்." என் பக்கம் திரும்பிச் சொன்னான். "அக்கா, மெஷின வெளிய நின்னு தொடைக்கிறவனா போறதுக்கு எனக்கு இஷ்டம் இல்ல. மெஷினத் தெறக்கிறவனா போகணும்."

"அப்ப சண்டைக்குப் போகாத."

"நான் போகலன்னா கிரவுண்டு போச்சு. வாக்கு குடுத்துகினேன்."

வாக்காம் வாக்கு. இரண்டு செருப்புக்கும் ஒழுங்காக வார் இல்லாதவனுக்கு வாக்கு.

ரிசல்ட் வந்தது. எல்லோரும் பாஸ். அங்கேதான் வினை. முனிகிருஷ்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, துக்கம் விசாரிக்க வந்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டான்.

"எங்கம்மா என்னைக் கேக்காமலே வேண்டிக்கினு கீதுடா. நான் மேக்ஸ்ல பாஸ் ஆனா ஏழுமலையானுக்கு என் மொட்டையாம்."

பின்னாலேயே அவன் அம்மா செல்லியம்மா வந்துவிட்டாள். "பெத்தவ நானு. தலை மட்டும் உன்துன்னு யார்ரா சொன்னது?"

விசாரித்துப் பார்த்ததில் காலனி பேட்சின் எல்லா இந்து அம்மாக்களும் அதே வேண்டுதலை வேண்டியிருந்தார்கள். பையன்கள் அழாத குறை. ஒருத்தன் ஃபெயிலாகியிருக்கலாம் என்றுகூடச் சொன்னான். அந்த வருஷம் பேட்சில் சபைப் பையன் என் தம்பி ஒருத்தன்தான், வேண்டுதல் இல்லாத ஒரே தலையும் அவனுடையது. எங்கள் அம்மாவும் வேண்டினாள்தான், ஆனால் உபவாச ஜெபத்தோடு நின்றது. அது அவள் வயிற்றோடு போயிற்று, அவன் தலைக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோரும் அம்மாக்களோடு திருமலைக்குப் போனார்கள். கல்யாணக்கட்டாவில் மொட்டை அடிக்க வரிசையாக உட்காரவைத்தார்கள். முனிகிருஷ்ணன் தலையை நனைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தபோது பக்கத்தில் ஒருத்தன் ஏற்கெனவே குனிந்து உட்கார்ந்திருந்தான். கிரண்குமார். அவனுக்கு அப்பால் லேஅவுட் பேட்ச் மொத்தமும். அவர்கள் அம்மாக்களும் இன்ஜினியரிங் சீட்டுக்கு வேண்டியிருக்கிறார்கள். கடவுளிடம் போனால் லேஅவுட்டுக்கும் காலனிக்கும் ஒரே ரேட்தான்.

"நாளைக்கு நாலு மணிதானே?" என்று குனிந்தபடியே கேட்டானாம் கிரண்குமார்.

"ஆமா. நாலு" என்று முனிகிருஷ்ணனும் குனிந்தபடியே சொன்னானாம்.

தலையை ஆட்டாதே என்று சிரைக்கிறவர் இருவரையும் தெலுங்கில் திட்டினார். இருவர் முடியும் கீழே ஒரே குவியலாக விழுந்தது.

இந்த இடத்தில் எங்கள் நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பெயர் சாம். லேஅவுட் பிள்ளைகளைக் காலேஜுக்கும் ட்யூஷனுக்கும் ஏற்றிப்போகிற வேன் ஓட்டுகிறார். யாரிடமும் முகம் கோணாத மனுஷர். சனிக்கிழமை மதியம் லேஅவுட் அம்மாக்கள் காரில் முன்னால் போய்விட, பையன்களை அழைத்துவர நைனாவின் வேனைத் திருப்பதிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே எங்கள் காலனிப் பையன்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் அம்மாக்கள் வளையல் கடையில் இருந்தார்கள், பஸ்சும் வரவில்லை. நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஆச்சே என்று நைனா அவர்களையும் ஏற்றிக்கொண்டார். லேஅவுட் சீட்டில், காலனி நின்றுகொண்டு. ஆக, சண்டைக்கு இரண்டு பேட்சும் ஒரே வேனில் வந்தன. வழியில் ஒருவன் இன்னொருவனை முழங்கையால் இடித்ததாகவும், நைனா கண்ணாடியில் பார்த்து, "வண்டிக்குள்ள கையி காலு நீட்டக் கூடாது, சீட்டு கவர் புதுசு" என்றதாகவும், இரண்டு பேட்சும் "சாரி அங்கிள்" என்றதாகவும் கேள்வி.

எங்கே இறக்கிவிட வேண்டும் என்று நைனா கேட்டார். கிரவுண்டு என்றார்கள். மேட்ச் போல என்று நினைத்துக்கொண்டு அவர் வேனை வேப்பமரத்தடியில் நிறுத்தி, சீட்டைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினார். "அஞ்சு மணிக்கு எனக்கு ட்யூஷன் ட்ரிப்பு. சீக்கிரமா முடிங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் கிரவுண்டு முழுக்கத் தெரியும். தம்பி நடுவில் நின்று அவர்களுக்காகக் காத்திருந்தான். முடியை அன்றைக்கு விசேஷமாகச் சீவியிருந்தான். பேட்சுக்கு அவன் முன்னாலேயே சொல்லிவைத்திருந்த யுத்த தந்திரம் எனக்கும் தெரியும். "முடி இருந்தா நம்ம ஆளு. ஒட்ட வெட்டியிருந்தா அடி." அது போன வாரத்துத் தந்திரம். மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

வேன் கதவு திறந்து மொட்டைகள் இறங்கின. எல்லாத் தலையிலும் சந்தனம். எல்லோர் உடம்பிலும் பெரிய கம்பெனி டீ-ஷர்ட். பாதி ஒரிஜினல், பாதி திருப்பதி பிளாட்பாரத்தில் வாங்கிய டூப்ளிகேட். மாடியிலிருந்து பார்த்தால் டூப்ளிகேட்தான் பளபளப்பாக இருந்தது. முகம் தெரியாதா என்று கேட்பீர்கள். புதிதாக மொட்டை அடித்தவனைப் பெற்ற தாயே இரண்டு தரம் பார்ப்பாள். அதுவும் புழுதியில், ஓட்டத்தில்.

சண்டை ஆரம்பித்த அரை நிமிஷத்திலேயே யார் யாரை அடிக்கிறார்கள் என்று அடிக்கிறவர்களுக்கே தெரியவில்லை. முனிகிருஷ்ணன் ஒருவன் கழுத்தைப் பிடித்துத் திருப்பி, "நீ எந்தப் பேட்ச்?" என்று கேட்டான். "உன் பேட்ச்தான்டா" என்றது அந்த மொட்டை. "அப்படின்னா சரி" என்று விட்டுவிட்டு அடுத்தவனைப் பிடித்தான். அவனும் "உன் பேட்ச்தான்" என்றான். தெலுங்கில் சொன்னான் என்பதை முனிகிருஷ்ணன் பிறகுதான் யோசித்தானாம்.

அந்தக் குழப்பத்தில் எல்லோருக்கும் தெளிவாக அடையாளம் தெரிந்த ஆள் ஒருவன்தான். முடி வைத்திருந்தவன். லேஅவுட் பேட்ச் அவனை அடித்தது, எதிரித் தலைவன் என்பதால். காலனி பேட்சிலும் இரண்டு மூன்று பேர் அவனை அடித்தார்கள். ஏன்டா என்று பின்னால் கேட்டதற்கு, "எல்லாரும் அவன அடிக்கிறாங்கோ, அதான்" என்றான் ஒருவன். சிரிப்பு வருகிறதல்லவா? எனக்கு அன்றைக்கு வரவில்லை. கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கி ஓடினேன்.

அதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. லேஅவுட் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ, "சந்தேகத்துக்குரிய மொட்டை ஆட்கள் கிரவுண்டில் திரண்டிருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். போன் போட்டுப் போலீசைக் கூப்பிட்டது கிரண்குமாரின் அப்பாவேதான்.

எஸ்.ஐ. இறங்கி எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்தார். "எவருரா மீரு?" என்று கேட்டார், யாருடா நீங்கள் என்று.

மொட்டைகள் ஒரே குரலில், மலைக்குப் போய்விட்டு வருகிறோம் சார் என்று தெலுங்கில் சொன்னார்கள்.

எஸ்.ஐ.க்குத் தூக்கிய லத்தி கீழே இறங்கவும் இல்லை, மேலே போகவும் இல்லை. திருமலையிலிருந்து நேராக வருகிற மொட்டையை அடித்தால் பாவம். அது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சங்கடம், எது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியவில்லை. சாதாரணமாக அது தலையிலேயே எழுதியிருக்கும். காது தெரிய வெட்டியிருந்தால் பெரிய வீடு, கண்ணில் விழுந்தால் காலனி. இப்போது எழுதியிருந்ததெல்லாம் மலையில் சிரைத்துப் போட்டாயிற்று. காண்ட்ராக்டர் மகனை அடித்துவிட்டால் வேலைக்கே உலை. ஆகவே அவர் வரிசை நெடுகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் என் தம்பி முன்னால் நின்றார். அவர் முகத்தில் நிம்மதி வந்தது.

"இவன் உங்க ஆளா?" என்று முனிகிருஷ்ணனைத் தமிழில் கேட்டார்.

முனிகிருஷ்ணன் தரையைப் பார்த்தான். "தெரியாது சார்."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"தெரியாது சார். நாங்க மலைக்குப் போய்கினு வந்தோம்."

மூன்றாவது தரமும் கேட்டார். மூன்றாவது தரமும் தெரியாது என்றான். எங்கேயாவது பைபிளில் வருகிற அந்தச் சேவல் கூவுகிறதா என்று நான் காதைத் தீட்டினேன். நைனா வேனை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார், அதுதான் கூவியது. அவர் அப்போதுதான் விழித்துக்கொண்டு, ட்யூஷன் ட்ரிப்புக்கு நேரமாயிற்று என்று வண்டியைத் திருப்பியிருக்கிறார். மகன் ஜீப்பில் ஏறுவதைக் கண்ணாடியில் பார்த்தார். வேனை அப்படியே ஜீப்புக்குப் பின்னால் விட்டார். லேஅவுட் பிள்ளைகள் அன்றைக்கு ட்யூஷனுக்குப் போகவில்லை.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. தம்பியை அடிக்கவில்லை. எங்கள் பக்கம் சண்டை போடுகிற பையன்களுக்கு ஸ்டேஷன் தண்டனை ஒன்று உண்டு, பார்பரை வரவழைத்து முடியை எடுத்துவிடுவார்கள்.

நைனா கைகட்டி நின்று, "சார், இவனுக்கு மட்டும் ஏன் சார்?" என்று கேட்டார்.

"அவங்களுக்குச் சாமியே செஞ்சிட்டாரு. இவனுக்கு நான் செய்யணும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்றார் எஸ்.ஐ.

தம்பி அசையாமல் உட்கார்ந்திருந்தானாம். முடி மடியில் விழுந்தபோது மட்டும், கலைந்ததை உட்காரவைக்கிற அந்தப் பழக்கத்தில், ஒருதரம் தலையைச் சிலுப்பினானாம். நைனா இதைச் சொன்னபோது அழுதார். நானும் அழுதேன்.

இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அம்மா கதவைத் திறந்து, மகனின் மொட்டையையும், புருஷன் கையில் இருந்த மஞ்சள் பையையும் பார்த்தாள். பைக்குள் லட்டு. லேஅவுட் பையன்கள் வேனில் மறந்துவிட்டுப் போனது. மொட்டை, லட்டு, திருப்பதியிலிருந்து வந்த வேன். பக்கத்து வீட்டுச் சந்திரம்மா தன் வீட்டு வாசலில் நின்று மூன்றையும் பார்த்துவிட்டாள். அவள் மகா நல்லவள். "மலைக்குப் போய்கினு வந்தியா கண்ணு? நல்லா இருப்ப" என்று என் தம்பியின் கன்னத்தை வழித்தாள்.

அதோடு முடிந்தது. விடிவதற்குள் காலனி முழுக்கத் தெரிந்துவிட்டது, சாம் மகன் மொட்டை போட்டுக்கொண்டான் என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் நடந்த ஆலோசனை மாதிரி எந்த மந்திரிசபையிலும் நடந்திருக்காது. மகன் போலீசில் மாட்டினான் என்றால் சீட் போய்விடும். திருமலையில் மொட்டை போட்டான் என்று நினைத்தாலும் சீட் போய்விடும், சபைப் பிள்ளைக்கான சீட் ஆயிற்றே. இரண்டில் எது குறைந்த அவமானம்?

"பேனுன்னு சொல்லலாம்" என்றார் நைனா.

"ராத்திரியோட ராத்திரியா பேன் வந்துச்சா? காமாலைன்னு சொல்லு" என்றாள் அம்மா.

"காமாலைக்கு எவன்மா மொட்ட அடிக்கிறான்?" என்றேன் நான்.

தொப்பி போடலாம் என்றார் நைனா. ஆண்கள் கோயிலுக்குள் தொப்பியோடு உட்காரக்கூடாது. முக்காடு போடலாம், ஆனால் அது எங்களுக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக என் தம்பி என் முக்காட்டைப் பொறாமையோடு பார்த்தான்.

"உண்மையச் சொல்லிடுடா" என்றேன் கடைசியில். "முனிகிருஷ்ணன் உன்னத் தெரியாதுன்னு சொன்னான். அவனுக்கா பயப்படுற?"

"நான் ஸ்டேஷன்னு சொன்னா சபைக் கமிட்டிக்காரங்க ஸ்டேஷனுக்குப் போய் நியாயம் கேப்பாங்கோ. எஸ்.ஐ. மறுபடியும் கிரவுண்டுக்கு வருவாரு. அப்ப அவங்கள எல்லாம் தூக்கினு போவாங்கோ. முனி ஸ்ரீ சிட்டி பஸ்சுக்குப் பேர் குடுத்துகினான் அக்கா, திங்கக்கெழமை அவனுக்கு ஜாயினிங்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த மொட்டையிலேயே ஒன்று வைத்திருப்பேன். தன்னைத் தெரியாது என்றவனுக்கு வேலை போய்விடக் கூடாதாம். இவன் சீட் போனால் பரவாயில்லையாம்.

கோயிலில் அன்று பிரசங்கத்தை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் பின்வரிசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். காலை வெயில் ஜன்னல் வழியாக நேராக அவன் தலையில் விழுந்தது. ஆராதனை முடிந்ததும் யாரும் எழுந்து போகவில்லை. பாஸ்டர் கீழே இறங்கி வந்தார். நல்ல மனுஷர், குரல் உயர்த்தத் தெரியாதவர்.

"சுந்தரு, மலைக்குப் போனியாப்பா?"

"இல்ல ஐயா."

"அப்ப தலை?"

பாஸ்டர் காத்திருந்தார். கமிட்டிப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா உதட்டுக்குள் ஜெபித்தாள். நைனா, வேன் சாவியை உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். "நாளைக்கு நான் அங்க போன்ல என்ன சொல்றது? நீயே சொல்லு" என்றார் பாஸ்டர்.

அப்போது வாசலில் செருப்புகளைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ஒருவர் இருவர் செருப்பு இல்லை, கூட்டமான செருப்பு. திரும்பிப் பார்த்தால் முனிகிருஷ்ணன். அவனுக்குப் பின்னால் காலனி பேட்ச் மொத்தமும், மொட்டை மொட்டையாக. எல்லோருக்கும் பின்னால் உதடு வீங்கிய இன்னொரு மொட்டை, ஒரிஜினல் டீ-ஷர்ட்டில். கிரண்குமார். அவன் தன் வாழ்நாளில் எங்கள் காலனித் தெருவுக்குள் வந்தது அன்றைக்குத்தான்.

முனிகிருஷ்ணனுக்குக் கோயிலுக்குள் எப்படி நிற்பது என்று தெரியவில்லை. ஒரு கையைக் கட்டினான், ஒரு கையைத் தொங்கவிட்டான்.

"ஐயா, அவன் மலைக்குப் போகல. மலைக்குப் போனது நாங்க. அவன் போனது போலீஸ் ஸ்டேஷனுக்கு. கிரவுண்டுல எங்களோட சண்ட போட்டான். போலீஸ்காரரு இவன் யாருன்னு கேட்டாரு, நான் தெரியாதுன்னு சொன்னன். மூணு தபா சொன்னன். அவங்கதான் முடிய எடுத்தாங்கோ. மொட்ட போலீஸ் மொட்ட ஐயா, சாமி மொட்ட இல்ல."

கிரண்குமார் தனக்குத் தெரிந்த தமிழில், "நான் அடிச்சது சார். அதிகமா நான்தான்" என்றான், தன் பங்கை யாரும் குறைத்துவிடக் கூடாது என்பதுபோல.

பிறகு முன்வரிசையில் ஒரு கமிட்டிப் பெரியவர் நீளமாக மூச்சு விட்டு, "ஸ்தோத்திரம்" என்றார்.

ஸ்டேஷன்தானா, ஸ்தோத்திரம். போலீஸ்தானா, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். வரிசை வரிசையாக ஸ்தோத்திரம் பரவிற்று. ஒரு சபை முழுக்க, தங்கள் பிள்ளை வெறும் ரவுடிதான் என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அம்மா மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். முந்தின ராத்திரி இதே போலீஸ் ஸ்டேஷனுக்காகத்தான் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. தம்பியின் மொட்டைமேல் கையை வைத்தார்.

"இதை ஏன்டா நீ சொல்லல?"

தம்பி முனிகிருஷ்ணனைப் பார்த்தான். பாஸ்டருக்கு அது போதுமாயிருந்தது.

"நாளைக்கு நான் பேசுறேன்" என்றார்.

ஒரு பெரியவர், போலீசில் மாட்டின பையனுக்கா சிபாரிசு என்று இழுத்தார். "தப்பே செய்யாத பையனுக்கு என் சிபாரிசு எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டு, பாஸ்டர் வந்திருந்த மொட்டைகளைப் பார்த்து, "நின்னுக்கினே இருக்கீங்களே, உக்காருங்க" என்றார். பின்வரிசையில் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். எந்த மொட்டை எங்கள் வீட்டு மொட்டை என்று கண்டுபிடிக்க எனக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று.

சீட் கிடைத்தது. அவன் படித்தான். இப்போது மெஷினைத் திறக்கிறவனாக இருக்கிறான். முனிகிருஷ்ணன் அதே கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில்தான் இருக்கிறான், இன்னும் டப்பாதான் ஒட்டுகிறான். கிரண்குமார் அப்பாவோடு ரோடு போடுகிறான், அந்த ரோட்டில்தான் இவர்கள் பஸ் போகிறது, குலுங்கிக் குலுங்கி. சண்டையில் ஜெயித்தது யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அதனால் கிரவுண்டு இன்றைக்கும் இரண்டு பக்கத்துக்கும் பொது.

முடி விஷயம்தான் பாக்கி. ஸ்டேஷனில் எடுத்த பிறகு தம்பிக்கு முடி பழையபடி வளரவே இல்லை. வந்ததும் மெலிதாக வந்தது. இரண்டு வருஷமாக முன்நெற்றியில் கொட்டிக்கொண்டே வருகிறது. நைனாவுக்கும் அப்படித்தான், அது குடும்ப வழி என்று நான் சொல்கிறேன். பேட்சில் மற்ற எல்லோருக்கும் மலையில் கொடுத்ததெல்லாம் வட்டியோடு திரும்பி வந்துவிட்டது. முனிகிருஷ்ணனுக்குத்தான் அடர்த்தி. இந்த வயதிலும் நெற்றியில் விழ விட்டுக்கொண்டு, பஸ் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பான்.

போன வாரம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். தலை வழவழவென்று இருந்தது. சந்தனம்கூட இன்னும் காயவில்லை.

"என்னடா, உங்கம்மா மறுபடியும் உன்னைக் கேக்காம வேண்டிக்கினாங்களா?" என்றேன்.

"இல்லக்கா. இந்தத் தபா நானே வேண்டிக்கினேன்."

"எதுக்கு?"

உள்ளே தம்பி நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான். முனிகிருஷ்ணன் ஒருதரம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சுந்தருக்கு முடி வளரணும்னு. அவங்கிட்ட சொல்லாதக்கா, பாஸ்டர் ஐயா கோச்சிக்கப்போறாரு."

நான் உள்ளே போய் அவனுக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தேன்.